அச்சமும் அடையாளமும்

வெள்ளவத்தையில் கடலோரமாகப் புகையிரதப் பாதை செல்கிறது. பேய்க்கதை படித்துவிட்டு அங்கே உறங்கச் செல்லும் சிறுவன், நள்ளிரவில் ஜன்னல் அதிர்ந்தால் போர்வைக்குள் ஒடுங்கிவிடுவான். உடனே பெற்றோர் புத்தகத்தைப் பறிப்பர். ஆனால், அச்சத்திற்கு மருந்தும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

இவ்வகைக் கதைகளில் ஓர் அடையாளம் திரும்பத் திரும்ப வரும். முதன்முறை அது அச்சுறுத்தும். இரண்டாம் முறை கவனிக்கச் செய்யும். மூன்றாம் முறை, ‘எப்பொழுது வருகிறது, எங்கிருந்து வருகிறது?’ என்று வினவச் செய்யும். எனிட் பிளைட்டன் 1948இல் எழுதிய கதையொன்றில், பழைய சுரங்கப்பாதையில் இரவிலே பேய் ரயில் ஓடுகிறது. சிறுவர் துப்புத் துலக்கியதும், அது கள்ளச்சந்தைக்காரரின் ரயில் என்பது வெளியாகிறது.

வாழ்விலும் இதற்குச் சான்றுண்டு. இலங்கைக் காடுகளில் மனிதர் அலறுவதுபோல் ஒலிக்கும் ‘உலமா’வின் குரல், மரணத்தின் அறிகுறியென அஞ்சப்பட்டது. அது ஒருவகைப் பெரிய ஆந்தையின் குரலாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

கதையின் அடையாளங்களை எண்ணிப் பழகிய சிறுவன், ஜன்னல் அதிரும் நேரத்தையும் குறித்து வைப்பான். அது ரயிலின் நேரத்தோடு ஒத்துவரும் இரவில், போர்வை தானே விலகும்.