முகமும் கவசமும்

வீட்டுப் பூனைக்குப் போர்க்கவசம் பூட்டி, பாட்டனார் இடையில் வாள் செருகி, ஜப்பானியச் சாமுராய் வீரராகக் காட்டும் படங்கள் இன்று கைபேசிகளில் உலவுகின்றன. செயற்கை நுண்ணறிவின் கைவண்ணம் இது. குடும்பத்தார் கூடிச் சிரிக்கின்றனர், சிரிப்பில் குற்றமில்லை.

இவ்வாசை புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் குனியோஷி என்னும் ஜப்பானிய ஓவியர் பூனைகளுக்கு மனித உடை உடுத்தி வரைந்தார். 1876இல் சாமுராய்கள் வாள் அணிவதை அரசாணை தடைசெய்தது. அதன் பின்னரும் யோக்கோஹாமா நகரின் புகைப்பட நிலையங்களில் கவசம் அணிவித்து ஆட்களை நிறுத்திப் படம் பிடித்தனர். கையால் வண்ணம் தீட்டி, அயல்நாட்டுப் பயணிகளுக்கு விற்றனர்.

அன்று உடைதான் வேடம்; முகம் உண்மை. இன்றோ முகமே ஐயத்திற்குரியது. எண்ணற்ற படங்களில் பயின்ற கணிப்பொறி, புள்ளிகளின் குழப்பத்தைப் படிப்படியாகத் தெளிவாக்கிப் புதுப்படம் ஆக்குகிறது. நாம் தரும் புகைப்படம் அதற்கு ஒரு குறிப்பே. ஆகவே பாட்டனாரின் நெற்றித் தழும்பு மறையலாம். தளர்ந்த கன்னம் இறுகலாம். அத்தழும்பு அவர் உழைத்து வாழ்ந்ததன் சுவடன்றோ?

மற்றொன்றும் உண்டு. படம் பெரும்பாலும் தொலைவிலுள்ள கணிப்பொறிக்குச் செல்கிறது. அங்கே எத்தனை நாள் தங்கும், எதற்குப் பயன்படும் என்பதை நிபந்தனைகளைப் படித்தறிந்த பின்னரே குழந்தையின் முகத்தை அனுப்புவதா என்று பெற்றோர் முடிவு செய்தல் வேண்டும்.

பூனைக்குக் கவசம் பூட்டி மகிழுங்கள். பாட்டனாரின் மூலப்படத்தை மட்டும், பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். நாளை பேரப்பிள்ளைகள் தேடப்போவது வீரரையன்று; அவரையே.