பூனை கனவு காண்கிறதா, வலிப்பில் துடிக்கிறதா?

மதிய வேளை. வீட்டுப் பூனை சுருண்டு படுத்து உறங்கிக் கொண்டிருக்கிறது. திடீரென்று அதன் மீசை மயிர்கள் துடிக்கின்றன. முன்னங்கால் விரல்கள் மடங்கி விரிகின்றன. காது ஒன்று வெட்டி இழுக்கிறது. தொண்டையிலிருந்து மெல்லிய முனகல்கூட வருகிறது. “ஐயோ, பூனைக்கு வலிப்பு வந்துவிட்டது!” என்று ஒருவர் பதறுவார். “எலியைக் கனவு காண்கிறது, விடு” என்பார் இன்னொருவர். இவர்களில் யார் சொல்வது சரி?

இது வெறும் வேடிக்கையான வாதம் அன்று. கனவை வலிப்பு என்று எண்ணினால் வீண் கவலையோடு போகும். வலிப்பைக் கனவு என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டாலோ, மூளை நோயோ உடலில் ஏறிய நஞ்சோ கவனிக்கப்படாமல் போய்விடும். இரண்டையும் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். உற்று நோக்கும் கண்களும் ஒரு கடிகாரமும் போதும். ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு உறக்கத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் காண்போம்.

1953-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் நதானியல் கிளைட்மனும் ஒரு புதுமையான செய்தியை வெளியிட்டனர். உறங்கும் மனிதரின் கண்கள், மூடிய இமைகளுக்குள்ளே அவ்வப்போது மிக விரைவாக உருள்கின்றன; அந்தச் சமயத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறுகின்றனர் என்பதே அது. பூனையின் உறக்கத்திலும் இத்தகைய கட்டம் உண்டு என்று 1958-இல் வில்லியம் டிமெண்ட் காட்டினார்.

அடுத்த ஆண்டே பிரான்சு நாட்டின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே என்ற அறிஞர் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார். பூனையின் மூளையிலும் கழுத்துத் தசையிலும் மின்முனைகளைப் பொருத்தி, இரண்டின் மின் அலைகளையும் ஒரே தாளில் வரையச் செய்தார். கண்கள் உருளும் கட்டம் வந்ததும் மூளையின் அலைகள் விழித்திருக்கும் பூனையின் அலைகளைப் போலவே மாறின. ஆனால் கழுத்துத் தசையின் கோடோ முற்றிலும் தட்டையாகிவிட்டது! மூளை விழித்திருப்பது போல் வேலை செய்கிறது. உடலோ துவண்டு கிடக்கிறது. இதனால் இதற்கு ‘முரண் உறக்கம்’ என்றே ஜூவே பெயரிட்டார்.

உடலைத் துவளச் செய்வது எது? மூளைத் தண்டில் பான்ஸ் என்றொரு பகுதி உண்டு. அங்கிருந்து புறப்படும் கட்டளை தண்டுவடத்துக்குச் சென்று, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவிடுகிறது. இந்தக் கட்டளை எழும் சிறு பகுதியை மட்டும் சிதைத்துவிட்டால் என்ன ஆகும்? ஜூவேயும் அவர் குழுவினரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறியது. அத்தகைய பூனைகள் முரண் உறக்கம் தொடங்கியதும் எழுந்து நின்றன. இல்லாத இரையின்மேல் பாய்ந்தன. இல்லாத எதிரியைத் தாக்கின. எதிரே இருந்த உண்மைப் பொருள்களையோ அவை கண்டுகொள்ளவில்லை. (உறக்கத்தைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி பூனைகள் கொடுத்த விலையால் கிடைத்தது என்பதை மறக்கலாகாது.) பூனை எலியைத்தான் கனவு காண்கிறது என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது, அதைக் கேட்டுப் பார்க்க வழியில்லையே! ஆனால் வேட்டையாடும் கட்டளைகள் மூளையிலிருந்து புறப்படுகின்றன, வழியில் தடுக்கப்படுகின்றன என்பது உறுதி.

குழாயை இறுக மூடிய பிறகும் ஓரிரு துளிகள் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத் தடையை மீறிக் கசியும் கட்டளைகளே மீசைத் துடிப்பும் விரல் அசைவும். ஆகவே அவை சிறியவை, ஒழுங்கற்றவை. இப்போது காது, பிறகு வால், சற்று ஓய்வு, மறுபடி ஒரு பாதம் என்று வந்து போகும். துடிப்புகளுக்கு இடையில் உடல் நனைந்த துணி போலத் தளர்ந்திருக்கும். நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை உறங்கும் பிராணி ஆதலால், இக்காட்சியைப் பலமுறை காணலாம். குட்டிகளிடம் இது இன்னும் மிகுதி.

இனி வலிப்புக்கு வருவோம். நம் மூளையானாலும் பூனையின் மூளையானாலும் நரம்பணு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய மின்கலம் போன்றது. ஓய்வில் அதன் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் வேறுபாடு இருக்கும். டார்ச் விளக்கில் போடும் மின்கலத்தின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. இவை கோடிக்கணக்கில் இருந்தும், தலையின் மேற்பரப்பில் நமக்குக் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட்டே. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தபோது இவ்வளவு நலிந்த மின்னழுத்தத்தைத்தான் அளக்க வேண்டியிருந்தது. ஏன் இவ்வளவு குறைவு? மண்டையோடு இடையே தடுப்பது ஒரு காரணம். விழித்திருக்கையில் நரம்பணுக்கள் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்வது மற்றொரு காரணம்.

தேர் வடத்தைப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலில் ஒரே கணத்தில் இழுத்தால் அவ்வளவு பெரிய தேரும் குலுங்கி நகரும். வலிப்பின்போது மூளையில் நடப்பது இதுதான். பெருந்தொகையான நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே தாளத்தில் மின் துடிப்புகளை வெளியிடுகின்றன. தாளம் என்றால் ஒழுங்கு, ஒழுங்கு என்றால் நன்மை என்று எண்ணுகிறோம். மூளையிலோ இத்தகைய கட்டற்ற ஒற்றுமை நோயின் அடையாளம்!

இப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கனவில் தசை தளர்ந்திருக்கும்; பெரிய வலிப்பில் விறைத்திருக்கும். கால்கள் நீண்டு விறைத்து, பிறகு மிதிவண்டி மிதிப்பது போல் ஒரே தாளத்தில் உதறும். வாயில் எச்சில் நுரைக்கும். சிறுநீரோ மலமோ தன்னை அறியாமல் வெளியேறலாம். கண்கள் திறந்திருந்தாலும் பார்வை இராது, கண்மணி அகன்றிருக்கும். எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். உறங்கும் பூனை விழித்து, ‘எதற்குத் தொந்தரவு?’ என்பது போல் பார்க்கும். வலிப்பில் உள்ள பூனைக்கு எந்தக் குரலும் எட்டாது. முடிந்த பின்னும் அது உடனே தெளியாது. சுவரில் முட்டிக் கொள்ளும், தடுமாறும், சில சமயம் அடங்காப் பசியோடு தின்னும்.

சிக்கலான நிலையும் ஒன்று உண்டு. பூனைகளில் சில வலிப்புகள் முகத்தின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். இமையும் உதடும் துடிக்கும், எச்சில் வடியும், அவ்வளவே. அதே பக்கம், அதே துடிப்பு, விழித்திருக்கும்போதும் வருகிறது என்றால் ஐயப்பட வேண்டும். உறக்கத்தில் வலிப்பு வராது என்றும் எண்ணிவிட வேண்டாம். நரம்பணுக்கள் ஓரளவு சேர்ந்தியங்கும் ஆழ்ந்த உறக்கத்தில் வலிப்பு எளிதில் தொடங்கும். கனவு காணும் கட்டத்திலோ அது அரிது.

வலிப்பு வந்தால் என்ன செய்வது? நம் ஊரில் மனிதருக்கு வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இரும்பு பட்டதும் நின்றுவிட்டது என்று சத்தியம் செய்வார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்து வரவே அவ்வளவு நேரம் ஆகுமல்லவா? சாவிக்குப் பதிலாக ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும்.

பூனைகளில் சாவியால் வலிப்பு வந்ததே உண்டு என்பதுதான் இதில் வேடிக்கை. 96 பூனைகளை ஆராய்ந்து 2015-இல் பிரிட்டனில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அலுமினியத் தாள் கசங்கும் ஓசை, பீங்கான் கிண்ணத்தில் உலோகக் கரண்டி படும் ஓசை, சாவிகளும் நாணயங்களும் குலுங்கும் ஓசை ஆகியவை அவற்றுக்கு வலிப்பைத் தூண்டின. பெரும்பாலும் வயது முதிர்ந்த பூனைகள் அவை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையின் காதோ 60,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே கேட்கும். நமக்கு ஒரு சிறு ‘கிளிங்’ என்று கேட்பது அதற்கு எப்படிக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சாவியை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். இடித்துக் கொள்ளும் பொருள்களை அகற்றுங்கள், விளக்கை அணையுங்கள். பூனை தன் நாக்கை விழுங்கிவிடாது, எனவே அதன் வாயில் கை வைக்க வேண்டாம். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரேபிஸ் நோயிலும் வலிப்பு வரும். துடிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலும், ஒரே நாளில் மறுபடி வந்தாலும் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். முதல் முறை விரைவில் அடங்கிவிட்டாலும் ஒருமுறை காட்டுவதே நல்லது. கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடப் படம், பத்து நிமிட வருணனையைவிட அவருக்கு உதவும். உண்ணிக்காக ஏதாவது மருந்து தடவினீர்களா என்றும் அவர் கேட்பார். நாய்களுக்கென விற்கும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பொருள் உள்ளது. பூனையின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றும் திறனற்றது. நடுக்கமும் வலிப்பும் வரும். வீட்டில் யாருக்கோ வாங்கிய மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் இப்படித்தான். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.