ஏலத்தினின்று வீட்டைக் காத்தல்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களிற் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அத்தொழிலின் வருவாய் ஆண்டு முழுதும் ஒருசீராக வருவதன்று. தீபாவளிக்கு முந்திய மாதங்களிற் கை நிறையும். பண்டிகை கழிந்ததும் ஆலைகள் சில வாரம் அடைபட்டுக் கிடக்கும். மழை பெய்தால் மருந்து உலராது, வேலையும் நிற்கும். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் விலக்கிய பின்னர், ஆலைகள் சில மாதம் மூடப்பட்டமை யாவரும் அறிந்ததே. வீட்டுக்கடனின் தவணையோ பருவம் அறியாது. மாதந்தோறும் வந்து நிற்கும்.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையாயின், பாங்கு அதனை வாராக்கடன் என எழுதும். அதன்பின் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, வழக்குத் தொடராமலே வீட்டைக் கைப்பற்றி ஏலமிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆதலின் அந்த 90 நாட்களே பொன்னான காலம். மேலாளரை நேரிற் கண்டு, வருவாய் குறைந்த காரணத்தை எழுத்தில் தந்து, கடன்காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்குமாறு கேட்கலாம். கொடுத்தே தீரவேண்டிய கடமை பாங்குக்கு இல்லையாயினும், கேளாதவனுக்கு அது கிட்டுவது அரிது. இத்தகைய நீட்டிப்பிலும் வட்டி நில்லாது. 2020இல் கொள்ளைநோயின்போது ஆறு மாதம் தவணையை ஒத்திவைத்தவர்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

அடுத்து வருவது 60 நாள் அறிவிப்பு. தபாற்காரரைக் கண்டு கதவடைப்பதாற் பயன் யாதுமில்லை. அறிவிப்பைக் கதவிலே ஒட்டிப் பத்திரிகையிலும் வெளியிடுவர். கணக்கிற் பிழையிருப்பின் உடனே ஆட்சேபம் எழுதவேண்டும். அதனை ஏற்காவிடின், காரணங் காட்டி 15 நாட்களுக்குள் பாங்கு விடையளித்தல் வேண்டும். நிலுவை ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாததாயினும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டிற்குக் குறைந்ததாயினும் இச்சட்டம் செல்லாது. பலர் இதனைச் சரிபார்ப்பதே இல்லை!

வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தபின், 45 நாட்களுக்குள் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். முன்னர்க் கடனில் 75 விழுக்காடு கட்டினாலன்றி முறையிட இயலாதிருந்தது. அந்நிபந்தனையை 2004இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. தீர்ப்பாயம் தடையாணை வழங்கினால் ஏலம் நிற்கும். வெறும் மனு அதனை நிறுத்தாது.

கடன் முழுவதையும் செலவுகளுடன் கட்டி வீட்டை மீட்கும் உரிமைக்கும் எல்லை உண்டு. முன்பு விற்பனை முடியும்வரை இருந்த அவ்வுரிமை, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதனையே உறுதிசெய்தது. ஏல நாளன்று பணப்பையுடன் செல்பவர் பெரும்பாலும் வெறுங்கையுடன் மீள்வர்.

இந்நெருக்கடியிற் சிலர் கந்துவட்டிக்காரரை நாடுகின்றனர். 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அவ்வட்டியைக் குற்றமாக்கியிருந்தும் அவ்வழக்கம் ஒழியவில்லை. பாங்குக் கடனை அதனால் அடைப்பது, கிணற்றுக்குத் தப்பிக் கடலில் வீழ்வதாகும். அதனினும் வீட்டைத் தாமே விற்றுக் கடனடைத்தல் மேல். ஏலத்தை விட நல்ல விலை கிடைக்கக்கூடும். ஆயினும் 60 நாள் அறிவிப்பு வந்தபின் பாங்கின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்றல் கூடாது. ஏலமே நிகழ்ந்துவிட்டாலும், கடனும் செலவும் போக எஞ்சும் பணம் வீட்டுக்காரருக்கே உரியது. அதற்குரிய கணக்கைப் பாங்கிடம் எழுத்திற் கேட்டுப் பெறலாம்.