ஏ.சி. ஓடுகிறது, குளிர் வரவில்லை: கேஸ் நிரப்பும் முன் கவனிக்க

கடைக்கு ஒரு மூட்டை சர்க்கரை வந்து இறங்கினால், எடை போடாமல் நாம் பில்லில் கையெழுத்துப் போடுவதில்லை. எண்ணெய் டின் வந்தால் சீலைப் பார்க்கிறோம், ஒழுகல் இருந்தால் திருப்பி அனுப்புகிறோம். ஆனால் வீட்டு ஏ.சி. குளிரவில்லை என்று கூப்பிட்ட மெக்கானிக், "கேஸ் தீர்ந்துடுச்சு அண்ணாச்சி, நிரப்பணும்" என்று சொன்னால் போதும். எத்தனை கிராம், என்ன வகை, முன்பு இருந்த கேஸ் எங்கே போயிற்று என்று ஒரு கேள்வியும் கேட்காமல் சில ஆயிரங்களை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்குச் சித்திரை மாதப் புழுக்கத்தில் வாக்குவாதம் செய்யத் தெம்பு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அடுத்த சித்திரையிலும் அதே மெக்கானிக், அதே பேச்சு, அதே செலவு என்றால் சற்று யோசிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஏ.சி.யில் உள்ள கேஸ் அடுப்புக்கு வரும் சிலிண்டர் கேஸ் போல எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய செம்பு அல்லது அலுமினியக் குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. உள் யூனிட்டில் ஆவியாகி அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளி யூனிட்டில் திரவமாகி அந்தச் சூட்டை விட்டுவிடுகிறது. வேலை அவ்வளவுதான். நம் வீட்டு பிரிஜ்ஜுக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. பத்து, பதினைந்து வருஷம் ஓடும் பிரிஜ்ஜுக்கு எத்தனை முறை கேஸ் நிரப்பியிருக்கிறோம்? ஏ.சி.யிலும் கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகல் இருக்கிறது என்றுதான் பொருள். ஒழுகலை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

இன்னொன்று, குளிர் குறைவதற்குக் கேஸ் குறைவு பல காரணங்களில் ஒன்றுதான். மற்றவற்றில் பாதியை நாமே பார்த்துவிடலாம்.

மெக்கானிக்கை அழைக்கும் முன்

ரிமோட்டில் தொடங்குங்கள். சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் குழந்தைகள் கையில் போன ரிமோட் 'பேன்' நிலையிலோ 'டிரை' நிலையிலோ கிடப்பது உண்டு. பனிச்சொட்டுப் படம் போட்ட 'கூல்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பில்டர். உள் யூனிட்டின் முன் மூடியைத் தூக்கினால் வலை போன்ற பில்டர் கையோடு வரும். தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்வது நல்லது. கடைக்கு மேலேயே வீடு வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு முறை செய்தாலும் தப்பில்லை. மிளகாய் மண்டி, மாவு மில், ஜவுளிக் கடை ஆகியவற்றின் தூசி பில்டரில் கம்பளி போலப் படிந்துவிடும். காற்று புகாவிட்டால் உள்ளே இருக்கும் காயிலில் பனிக்கட்டி கட்டும். பனிக்கட்டி கட்டினால் இன்னும் காற்று போகாது. பனிக்கட்டியைக் கண்டதும், "குளிர் நன்றாகத்தானே வருகிறது" என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அது கோளாறின் அடையாளம். கத்தி, ஸ்குரூ டிரைவரால் பெயர்க்கக் கூடாது. காயிலில் ஓட்டை விழுந்தால் அந்த நிமிஷத்தில்தான் உண்மையாகக் கேஸ் போகும். 'பேன்' நிலையில் ஓடவிட்டால் தானே கரைந்துவிடும்.

பிறகு வெளி யூனிட். நம் வியாபாரிகள் வீட்டில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான் என்பது நம் கருத்து. அறையிலிருந்து எடுத்த சூடு, கம்ப்ரசர் தின்கிற மின்சாரத்தின் சூடு, இரண்டையும் வெளியே தள்ள வேண்டியது இதன் பொறுப்பு. ஆனால் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். கடைத்தெருக் கட்டடங்களில் காற்றுக்காக விட்ட சந்துக்குள் நான்கு வெளி யூனிட்டுகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கும். ஒன்று விட்ட அனல்காற்றை மற்றொன்று இழுக்கும். பின்புறம் காலி அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். திருட்டுப் பயத்தில் கம்பிக் கூண்டு போட்டு, மழைக்காக அதன்மேல் தகடும் அடித்திருப்பார்கள். அடுப்பங்கரையின் எக்ஸாஸ்ட் பேன் அதன் அருகே எண்ணெய்ப் புகையைக் கக்கினால், தூசி ஒட்டிப் பிசினாகி, காற்று போகும் இடுக்கெல்லாம் அடைத்துவிடும். இப்படி அனல் வெளியேறாத இயந்திரம் கேஸ் முழுசாக இருந்தும் குளிராது. காலையில் நன்றாகக் குளிர்ந்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் திணறுகிறது என்றால் சந்தேகம் முதலில் வெளி யூனிட்டின் மேல்தான் விழ வேண்டும். அட்டைப்பெட்டிகளை அகற்றுவதற்குக் காசு செலவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஓஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் அடித்துத் தூசியைக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிப்போகும்.

இருநூறு ரூபாய்ச் சோதனை

ஒரு சாதாரண வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல்களைச் சாத்தி, ரிமோட்டில் மிகக் குறைந்த அளவையும் காற்றை அதிக வேகத்திலும் வைத்து, இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். இன்வெர்ட்டர் இயந்திரம் அறை குளிர்ந்ததும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பிறகு உள் யூனிட்டுக்குள் மேலே இழுக்கப்படும் காற்றின் வெப்பத்தையும், கீழே வெளிவரும் காற்றின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரத்தை வடிக்கவே பாதிச் சக்தி போய்விடுவதால் வித்தியாசம் சற்றுக் குறைவாகவே காட்டும். 5 டிகிரிகூட இல்லையென்றால் கோளாறு இயந்திரத்தில்தான்.

வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் குறை அறையில் இருக்கிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் படுக்கை அறையில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் ஓடோ போட்டால் பலன் தெரியும். இயந்திரமே அறைக்குப் போதாமலும் இருக்கலாம். டன் என்பது ஏ.சி.யின் எடை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பழைய நாளில் பனிக்கட்டியை வைத்துக் குளிரூட்டிய கணக்கு அது. ஒரு அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை வாங்குமோ அதுவே 1 டன். நம் கணக்கில் ஏறக்குறைய 3.5 கிலோவாட். கீழ்த்தளத்தில் 120 சதுர அடி அறைக்கு 1 டன் போதும். அதே அறை மாடியில் மேற்குப் பார்த்து இருந்தால் போதாமல் போகலாம்.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. தெருவில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓடும் இரவு நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால், பழைய வகைக் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமி, 'டக்'கென்று நின்றுவிடும். உள்ளே பேன் மட்டும் ஓடும். வோல்டேஜ் சரியாக இருந்தும் இப்படி நடந்தால், பெரும்பாலும் கெபாசிட்டர் பழுதாகியிருக்கும். அது சில நூறு ரூபாய்ப் பொருள்தான். இதற்கும் கேஸ் பில் போட்ட கதைகள் நம் காதுக்கு வந்திருக்கின்றன. மின்சாரம் நின்ற பிறகும் கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சக்தி தங்கியிருக்கும். ஆகையால் அந்த மூடியை நாம் திறக்க வேண்டாம். இன்வெர்ட்டர் ரகத்தில் கோளாறு வந்தால் விளக்கு சிமிட்டும் அல்லது எழுத்து காட்டும். எத்தனை தடவை சிமிட்டியது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

உண்மையிலேயே கேஸ் போயிருந்தால்

சில அடையாளங்கள் உண்டு. உள் காயிலில் ஒரு மூலை மட்டும் பனி பிடித்து, மற்ற பாகம் வெதுவெதுப்பாக இருக்கும். வெளி யூனிட்டின் மெல்லிய குழாயில் பனி தெரியும். ஒரே வேகத்தில் ஓடும் ரகமாக இருந்தால், மெக்கானிக்கின் டாங் டெஸ்டரில் ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். பிரஷர் மீட்டரை மட்டும் காட்டி முடிவு சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. ஆர்-22 இயந்திரம் ஓடும்போது 60, 70 என்று காட்டுவது சரி. அதே 70-ஐ ஆர்-32 அல்லது ஆர்-410ஏ காட்டினால் குறைவு. அவற்றின் அளவு ஏறக்குறைய இரு மடங்கு. இன்வெர்ட்டரில் வேகத்துக்கு ஏற்ப முள் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒழுகல் எங்கே என்று கேளுங்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும் என்பதால் அந்த இடத்தில் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது குழாய்களை இணைக்கும் நட்டுகள். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நட்டை ஒரு திருகு திருகியதும் அடைபட்ட ஒழுகல்கள் எத்தனையோ. காயிலிலேயே ஊசித் துவாரம் விழுந்திருந்தால் சமாசாரம் பெரிது. கடற்கரை உப்புக் காற்று, சாக்கடை ஓரத்துக் கந்தக வாடை இரண்டும் காயிலை அரிக்கக் கூடியவை.

ஒழுகல் சோதனைக்கு நைட்ரஜன் அடைக்க வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் இல்லை, வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜனை அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடுங்கள். கம்ப்ரசர் எண்ணெயோடு ஆக்சிஜன் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். இதில் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. அதேபோல் இப்போது அதிகம் விற்கும் ஆர்-32 ஓரளவு தீப்பிடிக்கக் கூடியது. சில இயந்திரங்களில் வரும் ஆர்-290 என்பது புரொப்பேன், அதாவது சமையல் கேஸின் சொந்தக்காரன். கேஸை முழுதும் எடுக்காமல் இவற்றின் குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கக் கூடாது. ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

அடைத்து முடிந்ததும் வேக்யூம் பம்பு போட்டுக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் கொஞ்சம் கேஸைப் பீய்ச்சிக் காற்றைத் தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள். அது அரைகுறை வேலை. அடுத்து எடை. வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். ஆர்-32 போட்ட ஒன்றரை டன் ஸ்பிளிட்டுக்கு அது பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். நம் கடையிலேயே மின் தராசு இருக்கும்போது அதைக் கொண்டுவந்து வைப்பதில் கூச்சம் எதற்கு? லேபிளில் உள்ள வகையைத் தவிர வேறு கேஸ் கலக்க இடம் தரக் கூடாது. ஆர்-22க்கு உரிய எண்ணெய் வேறு, ஆர்-32க்கு உரிய எண்ணெய் வேறு. கலந்தால் கம்ப்ரசருக்கே கேடு.

ஒழுகல் இருந்த இடம், கேஸின் பெயர், ஏற்றிய கிராம், தேதி, எத்தனை மாத உத்தரவாதம் என்ற விவரங்களைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நம் சங்கத்தில் எலக்ட்ரிகல், ஏ.சி. கடை நடத்தும் அங்கத்தினர்கள் தாங்களே இந்த முறையைத் தொடங்கலாம். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் தராசை வைத்துக் காட்டுகிற கடைக்கு அடுத்த கோடையில் கூட்டம் தானாக வரும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஆர்-22 இயந்திரத்தில் காயிலே ஓட்டை என்றால், செலவு செய்வதா என்று கணக்குப் பார்க்க வேண்டியதுதான். 1987-ல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி அந்தக் கேஸ் படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. புது ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. இயந்திரம் அவ்வளவு பழையது இல்லையென்றால், கம்ப்ரசருக்கும் சில கம்பெனிகளில் காயிலுக்கும் தனியாக நீண்ட கால வாரண்டி உண்டு. வெளி ஆளைக் கூப்பிட்டுக் கை வைக்கச் சொல்வதற்கு முன், வாங்கிய பில்லையும் வாரண்டி அட்டையையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.