கிளாம்ப் செய்ய ஒரு கிளாம்ப்

வீட்டு மாடியில் சின்ன லேத் வாங்கி வைத்தவர் முதலில் ஒரு பித்தளைப் பம்பரம் கடைவார். அடுத்த வாரமே சிக்கல் வரும். இரண்டு தகடுகளைச் சேர்த்து ஓட்டை போட வேண்டும். கையால் பிடித்தால், பிட் சிக்கிய நொடியில் தகடு காற்றாடிபோலச் சுழன்று விரலைப் பதம் பார்த்துவிடும். இரும்பு வேலையில் வெட்டுவது பாதி, பிடிப்பது பாதி.

கடையில் ஜி-கிளாம்ப் கிடைக்கிறதே என்பீர்கள். அதன் திருகு சுழன்றபடியே வந்து அழுத்துவதால், கோடு பார்த்து வைத்த துண்டு மயிரிழை நகர்ந்துவிடும். அதனால்தான் நுணுக்க வேலைக்காரர்கள் டூல்மேக்கர்ஸ் கிளாம்ப் வைத்திருக்கிறார்கள். இரண்டு இரும்புத் தாடைகள், இரண்டு திருகுகள், அவ்வளவுதான். நடுத் திருகு ஒரு தாடைக்குள் தளர்வாக நுழைந்து மறு தாடையின் மரையில் ஏறும். அது இழுக்கும். பின் திருகு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து முதல் தாடையிலுள்ள சின்னக் குழியில் முட்டும். அது தள்ளும். நடுவில் இழுத்து வாலில் தள்ளினால் வாய் இறுகும். நடுத் திருகிலிருந்து பின் திருகு 30 மி.மீ., நுனி 60 மி.மீ. தூரத்தில் இருந்தால், பின்னால் கொடுக்கும் அழுத்தத்தில் பாதி நுனிக்குப் போய்ச் சேரும். திருகு முனை எதுவும் துண்டைத் தொடாததால் துண்டு நகராது.

செய்ய 12 மி.மீ. சதுர எம்.எஸ். கம்பியில் 100 மி.மீ. துண்டுகள் போதும். எடைக்கு விற்கும் பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும். எம்6 மரைக்கு 5 மி.மீ. டிரில்: விட்டம் 6, மரையின் இடைவெளி 1, கழித்தால் வருவது அது. தளர்வான ஓட்டைக்கு 6.5. திருகையும் நானே கடைவேன் என்று அடம்பிடிப்பது வீம்பு. முழு நீளமும் மரை ஓடிய ஆலன் போல்ட் வாங்கி, பின் திருகின் முனையை மட்டும் லேத்தில் உருட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு தாடையின் ஓட்டைகளும் நேர் வரவேண்டுமென்றால் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து டிரில் போட வேண்டும். பிடிக்க ஒரு கிளாம்ப் வேண்டும்! நான் ஃபெவிக்விக் தடவி ஒட்டினேன். நடு ஓட்டையை இரண்டிலும் ஊடுருவ விட்டு, பின் ஓட்டையை மேல் தாடையைத் தாண்டி அடியில் மூன்று மி.மீ. மட்டும் இறக்கினேன். அந்தப் பள்ளம்தான் குழி. பிறகு தீயில் காட்டியதும் பசை விட்டுவிட்டது. அடித் தாடையின் நடு ஓட்டையை மட்டும் 6.5-க்குப் பெரிதாக்கி, மற்ற இரண்டிலும் டேப் ஓட்டினேன். ஓட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனால் அடுத்த கிளாம்பைப் பிடிக்க அது போதுமானதாக இருந்தது, அடுத்தது நேராகவே வந்தது.

கோணலிலிருந்து நேர் பிறப்பது புதிதல்ல. மட்டப் பலகை செய்ய மட்டப் பலகை வேண்டுமே என்ற இதே முடிச்சை அவிழ்க்கும் வழியை பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் விளக்கினார். மூன்று இரும்புப் பலகைகளை எடுத்து, மை தடவி, ஜோடி மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து மேட்டைச் சுரண்ட வேண்டும். இரண்டு பலகை மட்டும் என்றால் ஒன்று குழிந்து மற்றது குவிந்தாலும் கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமென்றால் சமமாக இருந்தே ஆக வேண்டும்.

கிளாம்பை இறுக்கும்போது தாடைகள் இணையாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு விளிம்பு மட்டுமே கடிக்கும். பஸ் டிக்கெட்டைக் கிழித்து, தாடைக்கும் துண்டுக்கும் நடுவே முன்விளிம்பில் ஒன்று, பின்விளிம்பில் ஒன்று செருகி இழுத்துப் பாருங்கள். இரண்டும் வராவிட்டால் பிடி சரி.

கம்பி வெட்டும்போதே நான்கு துண்டாக வெட்டிவிடுங்கள். ஒற்றைக் கிளாம்பில் பிடித்த தகடு அதையே அச்சாக வைத்துத் திரும்பிவிடும். எப்போதும் இரண்டு வேண்டும்.