கேனுலா: நோயாளியும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

மருந்து, திரவம், இரத்தம் ஆகியவற்றை நேரடியாகச் சிரைக்குள் செலுத்த உதவும் மெல்லிய பிளாஸ்டிக் குழலே கேனுலா ஆகும். ‘கையில் ஊசி இருக்கிறது’ என அஞ்சிப் பலர் கையை அசைப்பதே இல்லை. உண்மையில், குழல் சிரைக்குள் நுழைந்தவுடன் ஊசி வெளியே எடுக்கப்பட்டுவிடும். உள்ளே இருப்பது வளையக்கூடிய குழல் மட்டுமே.

குழலின் அளவை அதன் நிறம் காட்டும். குழந்தைகளுக்கு மஞ்சள் (24), பெரியவர்களுக்குப் பொதுவாக இளஞ்சிவப்பு (20), விரைவாக இரத்தம் ஏற்றப் பச்சை (18) அல்லது சாம்பல் (16) நிறக் குழல் பயன்படுகிறது. எண் குறையக் குறையக் குழலின் விட்டம் பெரிதாகும்.

குழல் செருகிய இடம் நோய்க்கிருமிகள் நுழையும் வாயிலாகவும் மாறக்கூடும். ஆகவே:

• கைகளைத் தூய்மை செய்த பின்னரே எவரும் குழலைத் தொட வேண்டும். இதனை நினைவூட்டத் தயங்க வேண்டாம்.
• ஒட்டுப்பட்டை நனையாமலும் பிரியாமலும் பார்த்துக்கொள்ளவும்.
• சொட்டுகளின் வேகத்தை உடனிருப்போர் தாமாக மாற்றக் கூடாது.
• வலி, சிவத்தல், வீக்கம், கசிவு, காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே செவிலியரிடம் தெரிவிக்கவும். இரவாயினும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தேவை முடிந்த குழல் கையில் இருத்தல் கூடாது. ‘இது இன்னும் தேவையா?’ என நாள்தோறும் கேளுங்கள். வீடு திரும்புமுன் அது அகற்றப்பட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.