பைசா கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்

சரக்கை எடுத்துக்கொண்டு ஆள் தலைமறைவாகிவிட்டால் நமக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: "கையில் கிடைக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்!" இந்த ஆத்திரத்தை வைத்தே ஒரு வேடிக்கையான குற்ற நாவல் உண்டு. இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஆர்ச்சர் எழுதி 1976-இல் வெளிவந்த 'நாட் எ பென்னி மோர், நாட் எ பென்னி லெஸ்'.

ஹார்வி மெட்கால்ஃப் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர், வட கடலில் எண்ணெய் எடுக்கப்போவதாக ஒரு கம்பெனியைக் காட்டி, பங்கு விலையை ஏற்றி விற்றுவிட்டு நழுவுகிறார். கணிதப் பேராசிரியர், டாக்டர், ஓவிய வியாபாரி, பிரபு வீட்டுப் பிள்ளை என நால்வர் சேர்ந்து இழந்தது 10 லட்சம் டாலர். பணத்தைத் தாங்களே மீட்பதென்று நால்வரும் கூடுகிறார்கள். ஓவிய வியாபாரி போலி வான்கோ படத்தை அவர் தலையில் கட்டுகிறார். டாக்டர் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்துப் பணம் கறக்கிறார். நமக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? இதற்கான செலவையும் மெட்கால்ஃப் பற்றிலேயே எழுதுகிறார்கள்! இழந்ததற்கு மேல் ஒரு பென்னிகூட எடுப்பதில்லை என்பது அவர்கள் நாணயம்.

நாவலாசிரியரின் சொந்தக் கதை இதைவிடச் சுவையானது. பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஆர்ச்சர், ஒரு கனடா கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்தார். 4 லட்சம் பவுனுக்கு மேல் கடன். 1974-இல் பதவியை விட்டார். அவர் யாரையும் துரத்திப் போகவில்லை. பேனாவை எடுத்தார், புத்தகம் எழுதியே கடனிலிருந்து மீண்டார். ஆனால் 1987-இல் ஒரு மானநஷ்ட வழக்கில் சொன்ன பொய், 2001-இல் அவருக்கு 4 ஆண்டு சிறைத்தண்டனை வாங்கித் தந்தது. குறுக்கு வழிக் கணக்கை நாவலில் நேர் செய்யலாம். வாழ்க்கையில் அது பாக்கி நிற்கும்.

என்னிடம் 40 மூட்டை துவரம்பருப்பு எடுத்த ஒருவரின் செக் திரும்பியது. ஆட்களை அனுப்பி அவர் கடையைப் பூட்டிவிடலாம் என்று கிளம்பினேன். பக்கத்துக் கடைக்காரர் தடுத்தார். "அண்ணாச்சி, இன்னிக்கு அவர் கடன்காரர். பூட்டைப் போட்டா நாளைக்கு நீங்க முதல் குற்றவாளி" என்றார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். மூன்று தவணையில் முதல் வந்தது. வட்டி போயிற்று, போகட்டும்.

செக் திரும்பினால் பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். ஆன்லைனில் ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

நாவலைப் படித்துச் சிரியுங்கள். வசூலுக்குப் போகும்போது கையில் பில்லும் செக்கும் இருக்கட்டும், தடி வேண்டாம்.